டெல்லியில வாங்குன ரெண்டு சீட்டு கார், வேலூர் வந்து சேர எட்டு மாசம்

2024 ஜூன்ல டெல்லியில ஒரு டீலர்கிட்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வாங்குனேன். அது டிஎன் 23 நம்பர் பிளேட்டோட எங்க வீட்டு வாசல்ல நின்னது அடுத்த வருஷம் பிப்ரவரியில. நடுவுல பட்ட பாடு எனக்கும் எங்க நைனாவுக்கும் என் வீட்டுக்காரிக்கும் தான் தெரியும். வாங்கறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது கேட்டுக்கலாம்னு பாத்தா, எனக்குத் தெரிஞ்சு இங்க இந்த மாதிரி வண்டிய அவ்ளோ தூரத்துல இருந்து எடுத்தவங்க யாரும் இல்ல. ஸ்விஃப்ட், இன்னோவா டெல்லியில எடுத்தவங்க இருக்காங்க, ஆனா தரையில இருந்து அஞ்சு விரக்கடை உயரம் கூட இல்லாத, கூரை மடங்குற வண்டியோட கதையே வேற. அதான் நடந்தத நடந்தபடி எழுதறேன், எங்கெங்க எவ்ளோ துட்டு போச்சுன்னும் சேத்தே சொல்றேன்.

நான் சத்துவாச்சாரியில ஆஃப்செட் பிரஸ் வெச்சிருக்கேன். நைனா முப்பது வருஷம் லாரி ஓட்டுனவரு, ராணிப்பேட்டையில இருந்து கான்பூர் வரைக்கும் தோல் லோடு அடிச்சவரு. சின்ன வயசுல இருந்தே எனக்கு கூரை திறக்குற கார் மேல ஒரு ஆசை, அது ஏன் எதுக்குன்னு எல்லாம் சொல்லத் தெரியாது. நாப்பது வயசு தாண்டினப்புறம் பிரஸ் கடன் முடிஞ்சது, கையில கொஞ்சம் நின்னுச்சு, சரி பழசா ஒண்ணு பாப்போம்னு தேட ஆரம்பிச்சேன். சென்னையில, பெங்களூர்ல 24, 25 லட்சம் சொன்ன அதே மாடல் டெல்லியில 16 லட்சத்து 50 ஆயிரம். 2011 மாடல், ஜெர்மன் வண்டி, பெட்ரோல், மூணு லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போ. கம்பெனி பேர் வேணாம், ஏன்னா எனக்கு வந்த பிரச்சனைக்கு வண்டி காரணம் இல்ல.

அங்க ஏன் விலை கம்மின்னு அப்ப எனக்கு அரைகுறையா தான் தெரியும். டெல்லி என்சிஆர்ல, அதான் டெல்லியும் அதச் சுத்தி இருக்கற ஊருங்களும், 10 வருஷம் தாண்டுன டீசலும் 15 வருஷம் தாண்டுன பெட்ரோலும் ஓடக்கூடாதுன்னு பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவ 2018ல சுப்ரீம் கோர்ட்டும் உறுதி பண்ணிடுச்சு. அதனால அப்ப 13 வருஷ பெட்ரோல் வண்டின்னா அங்க இருந்தவனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் தான், வந்த விலைக்குத் தள்ளி விட்டாங்க. அது நமக்கு லாபம் மாதிரி தெரியும். ஆனா ஆர்சியோட ஆயுளும் முதல்ல ரிஜிஸ்டர் பண்ண தேதியில இருந்து 15 வருஷம் தான். இங்க கொண்டாந்து நம்பர் மாத்துனாலும் எனக்கு புதுசா 15 வருஷம் கிடைக்காது, 2026ல எஃப்சி காட்டி ரினியூ பண்ணியே ஆகணும். இத டீலர் சொல்லல, நானும் கேக்கல.

டீலர் வீடியோ கால்ல வண்டிய சுத்திக் காமிச்சாரு. கூரைய திறந்து மூடிக் காமிச்சாரு, இருபது செகண்டுல அழகா மடிஞ்சு டிக்கிக்குள்ள போச்சு, அத பாத்த உடனே எனக்கு வேற எதுவும் கண்ணுக்குத் தெரியல. ஓடுனது 34,000 கிலோமீட்டர்னாரு. ஒருவாட்டி நேர்ல வந்து பாக்கறேன்னு சொன்னதுக்கு, நாளைக்கு ஜெய்ப்பூர் பார்ட்டி ஒருத்தர் வராரு, டோக்கன் போட்டா நிறுத்தி வெக்கறேன்னாரு. 50,000 போட்டேன். ஒரு வாரத்துல என் வீட்டுக்காரியோட நகையில பாதிய பேங்க்ல வெச்சு மீதியும் அனுப்பிட்டேன். அவ வேணாம்னு சொல்லல, ஆனா ஒரு வார்த்தை கேட்டா, "நேர்ல போய் பாத்துட்டு வந்து பணம் குடுத்தா என்னங்க"ன்னு. பிரஸ்ல ஸ்கூல் நோட்டு சீசன், ரெண்டு நாள் விட்டுட்டு போக முடியாதுன்னு சொன்னேன். சென்னையில இருந்து ஃபிளைட்ல போயிட்டு வர செலவ கணக்கு போட்டு மிச்சம் பண்ணேன். அந்த பதினஞ்சாயிரத்த மிச்சம் பண்ணதுல தான் மத்தது எல்லாம் ஆரம்பிச்சது.

நேர்ல போக முடியலன்னா கூட பண்ணியிருக்க வேண்டிய வேலைங்க இருக்கு. சேசிஸ் நம்பர வாங்கி அந்த கம்பெனியோட சர்வீஸ் சென்டர்ல கேட்டா கடைசியா எப்ப சர்வீஸ் ஆச்சு, அப்ப எத்தன கிலோமீட்டர்னு பெரும்பாலும் சொல்லிடுவாங்க. நான் வண்டி வந்தப்புறம் தான் கேட்டேன், 2021லயே 61,000 ஓடியிருக்குன்னு தெரிஞ்சது. டயர் ஓரத்துல நாலு நம்பர் இருக்கும், முதல் ரெண்டு நம்பர் எத்தனாவது வாரம்னு, பின்னாடி ரெண்டு எந்த வருஷம்னு. என் வண்டியில 1416, அதாவது 2016ல பதினாலாவது வாரம் செஞ்ச டயர். டயர் மேல இருக்கற வரி, அதான் பட்டன், நல்லா இருந்துச்சு, ஆனா ஓரமெல்லாம் வெடிப்பு. இந்த வண்டியில ஸ்டெப்னியும் கிடையாது, காத்து போனாலும் கொஞ்ச தூரம் ஓடுற மாதிரி டயர், நாலும் மாத்த 1,20,000 ஆச்சு. வீடியோ கால்லயே டயர்கிட்ட கேமராவ கொண்டு போங்கன்னு சொல்லியிருந்தா விலையில கொறச்சிருக்கலாம். பரிவாகன்னு கவர்மென்ட் சைட்ல வண்டி நம்பர போட்டா ஆர்சியில லோன் நிக்குதா, இன்சூரன்ஸ் இருக்கா, சலான், அதான் டிராஃபிக் ஃபைன், பாக்கியான்னு தெரியும். அதையும் நான் பணம் அனுப்பிட்டு தான் பாத்தேன். பழைய ஓனரோட பேங்க் லோன் இன்னும் ஆர்சியில நிக்குது, ஏழு சலான் பாக்கி. டீலர்கிட்ட சொன்னா, "அதெல்லாம் சின்ன விஷயம் பாய், ஒரு வாரத்துல க்ளியர்"னாரு.

டிரான்ஸ்போர்ட்டும் டீலரே ஏற்பாடு பண்ணாரு. திறந்த கேரியர்னா 28,000, மூடுன கன்டெய்னர்னா 42,000, பத்துல இருந்து பன்னெண்டு நாள்ல வேலூர்ல வீட்டு வாசல்ல இறக்குவோம்னு பேச்சு. நான் மூடுனதுக்கே பணம் கட்டுனேன். ஜூலை 5ஆம் தேதி ஏத்தியாச்சுன்னு ஒரு போட்டோ வந்துச்சு, கன்டெய்னருக்குள்ள இருட்டுல வண்டியோட பின்பக்கம் மட்டும். அதுக்கப்புறம் டிரைவர் நம்பர் ரெண்டுவாட்டி மாறுச்சு. ஆக்ரா தாண்டிட்டோம், ஜான்சி தாண்டிட்டோம், நாக்பூர்ல இருக்கோம். இந்த நாக்பூர்ல இருக்கோம்ங்கறத மூணு வாரம் கேட்டேன். சில நாள் போன எடுக்கவே மாட்டாங்க. பிரஸ்ல மெஷின் ஓடிட்டு இருக்கும், நான் ஓரமா நின்னு திரும்பத் திரும்ப அடிச்சிட்டே இருப்பேன், ராத்திரி தூக்கம் இல்ல, வண்டிய வித்துட்டாங்களோ, எங்கயாவது கவுந்துடுச்சோன்னு எல்லாம் ஓடும். கையில டீலரோட ரசீது ஒண்ணும் வாட்ஸ்அப்ல வந்த போட்டோவும் தவிர எதுவும் கிடையாது. எல்ஆர் காப்பி, அதான் லாரில ஏத்துனதுக்கு டிரான்ஸ்போர்ட்காரங்க தர்ற ரசீது, வடக்க பில்டின்னு சொல்றாங்களே, அது கூட என்கிட்ட இல்ல.

ஆகஸ்ட் 8 சாயங்காலம் ஒரு புது நம்பர்ல இருந்து போன், கன்டெய்னர் ஓசூர் தாண்டிடுச்சு, ஆனா ஸ்ரீபெரும்புதூர் யார்டுல தான் இறக்குவோம், அங்க வந்து எடுத்துக்கோங்கன்னு. எனக்கு ஆத்திரம் தாங்கல. கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர்னு எங்க ஊரு வழியா தானே போகுது, இங்க இறக்கறதுக்கு என்ன கேடு. நைனா அமைதியா கேட்டுகினு இருந்தாரு, அப்புறம் "டேய், கத்தாத. பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி அவன் டீ குடிக்க எப்படியும் நிப்பாட்டுவான். போய் நேர்ல பேசிக்கலாம், கெளம்பு"ன்னாரு. எழுபத்தி ஒரு வயசு, சுகர், ராத்திரி பதினோரு மணிக்கு சட்டைய மாட்டிகினு எனக்கு முன்னாடி வண்டியில ஏறி உக்காந்துட்டாரு.

ரெண்டரை மணிக்கு வந்துச்சு அந்த கன்டெய்னர். டோல் தாண்டி சர்வீஸ் ரோட்டு ஓரத்துல நின்னுச்சு. டிரைவர் ஹரியானா பையன், இருபத்தஞ்சு வயசு இருக்கும், கண்ணெல்லாம் சிவந்து போய் இருந்தான். நான் இங்கிலீஷும் தமிழுமா கத்த ஆரம்பிச்சேன், அவன் கைய ஆட்டிட்டு டீக்கடை பக்கம் நடக்கறான். நைனா என்ன ஓரமா தள்ளிட்டு அவன்கிட்ட ஹிந்தியில பேசுனாரு. லாரிக்காரங்க ஹிந்தி. அவர் ஹிந்தி பேசி நான் பத்து பதினஞ்சு வருஷமா கேட்டதில்ல. அவனுக்கு டீயும் பன்னும் வாங்கிக் குடுத்தாரு, எந்த ஊரு, ரோடு எப்படி, முதலாளி படி ஒழுங்கா குடுக்கறானா எல்லாம் கேட்டாரு. பத்து நிமிஷத்துல அவனே சொல்லிட்டான். என் வண்டி டெல்லியில இருந்து வந்தது வேற கன்டெய்னர். அது நாக்பூர்ல இறக்கி வெச்சிட்டு பூனா பக்கம் போயிடுச்சு. என் வண்டி மூணு வாரம் நாக்பூர் யார்டுல வெட்டவெளியில மரத்தடியில நின்னுருக்கு, தெற்கு பக்கம் எட்டு வண்டி சேர்ற வரைக்கும். ஜூலை மாசம், நாக்பூர்ல நல்ல மழை. இப்ப என் வண்டி உள்ளார முதல்ல நிக்குது, அத எடுக்கணும்னா பின்னாடி இருக்கற நாலு வண்டிய இந்த இருட்டுல ரோட்டுல இறக்கணும், அது அவனால ஆகாது. அவன் சொன்னதுல பொய் இல்ல. நைனா அவன் தோள்ல தட்டிட்டு வந்து, "இவன் மேல தப்பு இல்லடா, அனுப்புனவன் தான் உனக்கு ஒண்ணு சொல்லிட்டு வேற ஒண்ணு செஞ்சிருக்கான்"னாரு. அப்புறம் அந்த கன்டெய்னர் கெளம்பி எங்க ஊரு பாலத்து மேல ஏறிப் போறத பின்னாடியே பாத்துகினு போனோம், எங்க வீட்டுக்குத் திரும்பற ரோடு வந்துச்சு, அது நேரா போயிடுச்சு.

டிரான்ஸ்போர்ட் பேசும்போது கேக்க வேண்டிய கேள்விய இங்கயே சொல்லிடறேன். ஏத்துன வண்டியில தான் கடைசி வரைக்கும் வருதா, நடுவுல மாத்துவீங்களா, மாத்துனா எங்க, அங்க ஷெட்டு இருக்கா. வேலூர் மாதிரி ஊருக்கு தனி லோடு வராது, அதனால வீட்டு வாசல்ல இறக்கறோம்னு சொல்றதுக்கு யார்டுல இருந்து ரெக்கவரி வண்டி செலவு அவங்களோடதுன்னு எழுத்துல வாங்கணும், இல்லன்னா முதல்லயே ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும்னு பேசி விலைய கொறைக்கணும். உயரம் கம்மியான வண்டின்னா பக்கத்துல நின்னு பாக்காம ஏத்த விடாதீங்க. இரும்பு ரேம்ப் செங்குத்தா இருந்தா முன் பம்பர் அடி உதடு முட்டும், கீழ பலகை போட்டு சாய்வ நீட்டணும். வண்டிய வீல்ல பெல்ட் போட்டு தான் கட்டணும், அடியில கெடைச்ச இடத்துல கயிறு போட்டு இழுக்க விடக்கூடாது. பெட்ரோல் கால் டேங்க் போதும். இருவது நாள் நிக்கற வண்டிக்கு பேட்டரி டெர்மினல கழட்டிட சொல்லணும். வழியில ஆகற சேதத்துக்கு டிரான்சிட் இன்சூரன்ஸ்னு தனியா இருக்கு, நம்ம கார் பாலிசி பழைய ஓனர் பேர்ல இருக்கற வரைக்கும் நம்ம வண்டிக்கு ஆன சேதத்துக்கு அத நம்ப முடியாது. வாங்குன 14 நாளுக்குள்ள பாலிசிய பேர் மாத்த எழுதிக் குடுக்கணும்னு மோட்டார் வாகனச் சட்டத்துலயே இருக்கு, எனக்கு அதுவும் தெரியாது.

காலையில ஆறு மணிக்கு யார்டுல இறக்குனாங்க. பேட்டரி செத்துப் போச்சு, ஸ்டார்ட் ஆகல, அஞ்சு பேர் தள்ளி ரேம்ப்ல விட்டாங்க. பலகை போடுங்க பலகை போடுங்கன்னு நான் ஓடறதுக்குள்ள முன்னாடி கறகறன்னு ஒரு சத்தம். குனிஞ்சு பாத்தா உதடு ஒரு முழம் நீளத்துக்கு கிழிஞ்சு தொங்குது. அந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு. அந்த நேரத்துல ஒருத்தர் டெலிவரி பேப்பர் வெச்ச பேட எடுத்துகினு வந்து இங்க சைன் பண்ணுங்க சார், வண்டி நகரணும்னு நின்னாரு. ராத்திரி முழுக்க தூங்கல, நைனாவுக்கு மாத்திரை போடற நேரம், எப்படியாவது வண்டிய வீட்டுக்குக் கொண்டு போனா போதும்னு இருந்துச்சு. போட்டுட்டேன். அதுல வண்டி நல்ல நிலையில் பெறப்பட்டதுன்னு அடிச்சிருந்தத பிரஸ்காரன் நானே படிக்கல. அப்புறம் டிரான்சிட் இன்சூரன்ஸ்ல கேட்டதுக்கு அந்த ஒரு கையெழுத்தக் காமிச்சு முடியாதுன்னுட்டாங்க. தயவு செஞ்சு வண்டிய சுத்தி வீடியோ எடுத்து, டிக்கி, கூரை, ஜன்னல் எல்லாம் போட்டுப் பாத்து, சேதம் இருந்தா அந்த எல்ஆர் காப்பியிலயே உங்க கைப்பட எழுதி, டிரைவர்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டு அப்புறம் உங்க கையெழுத்த போடுங்க. அவங்க அவசரப்படுத்துனாலும் பரவால்ல, நிக்கட்டும். ரெக்கவரி வண்டிக்கு 9,000, யார்டு வாடகைன்னு 3,000 குடுத்து வீட்டுக்குக் கொண்டாந்தோம்.

வீட்டுல கதவ திறந்ததும் ஊறுன சாக்கு வாசனை. புது பேட்டரி போட்டு, அது ஒரு 19,000, கூரை பட்டன அமுக்குனேன். உள்ள எங்கயோ ஒரு முனகல், அவ்ளோ தான், அசையல. சென்னையில இந்த வேலை தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர்கிட்ட கொண்டு போனேன். அவர் டிக்கி ஓரத்து கார்பெட்ட தூக்குனாரு, கைப்பிடி அளவுக்கு ஒரு மோட்டார், அதச் சுத்தி காஞ்ச இலைச் சக்கையும் சேறும், உள்ள திருகாணியெல்லாம் துரு. மழைத்தண்ணி கூரை மடிப்புல இருந்து வெளிய போக சின்ன சின்ன குழாய் இருக்கு, சுண்டுவிரல் கூட போகாது. மரத்தடியில நின்னதுல இலை விழுந்து அது அடைச்சிருக்கு, தண்ணி வழி தெரியாம மோட்டார் இருக்கற குழியில எறங்கியிருக்கு. கூரை மோட்டாருக்கும் கூலிக்கும் சேத்து 85,000, பம்பர் உதடு 22,000. கூரை மடங்குற வண்டி வாங்குறவங்க அந்த குழாய்ங்களத் தான் முதல்ல பாக்கணும், ஒரு டம்ளர் தண்ணி ஊத்துனா சக்கரத்துக்குப் பின்னாடி கீழ சொட்டணும். சொட்டலன்னா நிறுத்திடுங்க. இப்ப நான் மழைக்கு முன்னாடியும் பின்னாடியும் ஊத்திப் பாக்காம விடறதில்ல.

பேப்பர் வேலைக்கு வரேன். வெளி ஸ்டேட் வண்டிய ஒரு வருஷத்துக்கு மேல இங்க வெச்சிருந்தா இந்த ஊர் நம்பருக்கு மாத்தணும். அதுக்கு டெல்லி ஆர்டிஓவோட என்ஓசி, அதான் ஆட்சேபணை இல்லைங்கற சர்டிபிகேட், வேணும். லோன் நீக்கற ஃபார்ம் 35, என்ஓசிக்கு ஃபார்ம் 28, பேர் மாத்த 29, 30, இங்க நம்பர் போட 27. டீலர் ஒரு வாரம்னது இழுத்துகினே போய் என்ஓசி அக்டோபர் கடைசியில தான் வந்துச்சு, பாத்தா சென்னை ஆர்டிஓவுக்கு எழுதி வாங்கியிருக்காரு. தமிழ்நாடுன்னா சென்னை தான்னு நெனச்சாராம். எந்த ஆர்டிஓவுக்கு எழுதியிருக்கோ அங்க தான் எடுப்பாங்க, அதக் கேன்சல் பண்ணி வேலூருக்கு மறுபடி வாங்க டெல்லி ஏஜென்ட்டுக்கு 35,000 அழுதேன். பணத்துல ஒரு பகுதிய என்ஓசி கைக்கு வந்தப்புறம் தான் தருவேன்னு நிறுத்தி வெச்சிருந்தா இவ்ளோ இழுத்திருக்க மாட்டாங்கன்னு இப்பவும் தோணுது.

வேலூர்ல வண்டிய காமிக்க போனப்ப நான் பயந்த அளவுக்கு எதுவும் இல்ல. பிரேக் இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பர் பென்சில் பிரிண்ட் கேட்டாரு, வெள்ளப் பேப்பர அந்த நம்பர் மேல வெச்சு பென்சில சாச்சி தேச்சா எழுத்து ஒண்ணொண்ணா வெள்ளையா எழும்பி வரும். நைனா தான் தேச்சு எடுத்தாரு, அவர் லாரிக்கு எத்தனையோவாட்டி எடுத்திருக்காரு. என்ன உண்மையில உலுக்குனது டாக்ஸ். நான் நெனச்சது குடுத்த 16 லட்சத்து 50 ஆயிரத்துக்கு கணக்கு போடுவாங்கன்னு. கிடையாது, 2011ல அந்த வண்டி புதுசா என்ன விலையோ அதுக்கு தான், வயசுக்கு கொஞ்சம் கழிப்பாங்க. லட்சக்கணக்குல வந்துச்சு, மீதி நகையும் பேங்க்குக்குப் போச்சு. அன்னிக்கு ராத்திரி என் வீட்டுக்காரி முன்னாடி என்னால தலைய நிமித்த முடியல. இந்த வகை வண்டி பாக்குறவங்க முதல் இன்வாய்ஸ் விலைய வாங்கி ஆர்டிஓ ஆபீஸ்ல இவ்ளோ வயசு வண்டிக்கு டாக்ஸ் எவ்ளோன்னு கேட்டு, அத வண்டி விலையோட கூட்டிட்டு, அதுக்கப்புறம் சென்னை விலையோட ஒத்துப் பாருங்க. நான் கூட்டிப் பாத்தேன். டாக்ஸ விட்டுட்டு டிரான்ஸ்போர்ட்டும் சேக்காம எனக்கு ஆன தண்டச் செலவே 2,93,000. எட்டு லட்சம் கம்மின்னு ஓடுனவனுக்கு கடைசியில எதுவும் மிச்சம் இல்ல.

டீலரும் டிரான்ஸ்போர்ட்டும் ஒருத்தர ஒருத்தர் கை காமிச்சப்ப, டெல்லி கோர்ட்டுல போய் நிக்கணுமோன்னு விட்டுட்டேன். அப்புறம் 1915 நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணதுல தான் வழி தெரிஞ்சது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்கற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், வித்தவன் எந்த ஊர்ல இருந்தாலும். வேலூர்லயே போட்டிருக்கேன். 34,000 கிலோமீட்டர்னு டீலர் எழுதுன வாட்ஸ்அப் மெசேஜ், மூடுன கன்டெய்னருக்கு கட்டுன 42,000 ரசீது, சர்வீஸ் சென்டர் குடுத்த 61,000 பேப்பர், மெக்கானிக் கார்பெட்ட தூக்குனப்ப எடுத்த போட்டோ எல்லாம் சேத்திருக்கேன். நாக்பூர்ல வெளியில நின்னதுக்கு தான் ஆதாரம் இல்லாம முழிச்சிகினு இருந்தேன். நைனா அன்னிக்கே அந்த ஹரியானா பையன் நம்பர வாங்கி வெச்சிருந்தாரு. போன் போட்டு பேசுனாரு, அவன் யார்டுல என் வண்டி மரத்தடியில நனைஞ்சிகினு நிக்கற போட்டோ ஒண்ணு அனுப்பி வெச்சான், ஏத்தறதுக்கு முன்னாடி அவன் முதலாளிக்காக எடுத்ததாம், ஓரத்துல தேதியோட. அதையும் வக்கீல்கிட்ட குடுத்துட்டு வந்திருக்கேன்.